எந்த இடத்துல மஞ்சளாச்சு?

என் தம்பி பெயின்டர். ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் அவன் கை பட்டுப் பளபளக்கும்; அவன் படுக்கையறைச் சுவர் மட்டும் ஈரக்கறையோட அழுது வடியும். "அடிச்சிட்டாப் போச்சு"ன்னு வருஷக்கணக்கா சாக்குச் சொன்னான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அவன் பொண்டாட்டி, "சுவர் வெள்ளையானா சொல்லியனுப்புங்க, வர்றேன்"னு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நியாயம்தானே? நானா இருந்தா அவன் முகத்துக்கே பெயின்ட் அடிச்சிருப்பேன்.

அவ போனதும் பயலுக்குச் சோறு இறங்கலை. ஒருவழியா பிரஷ்ஷைத் தூக்கினான். ஆனா கஞ்சப் புத்தி போகுமா? புது டப்பா வாங்காம, வேலை செஞ்ச வீடுகள்ல மிஞ்சின டப்பாக்களையே திறந்தான். ஒண்ணு தீர்ந்தா அடுத்ததைக் கலக்கி, கடைசியா அடிச்ச இடத்தோட மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பான். வித்தியாசம் தெரியலையா, அடி. ஆரம்பிச்ச இடத்தை எட்டிக்கூடப் பார்க்கலை. கதவோரம் வெள்ளையாக் கிளம்பின சுவர், ஜன்னலோரம் போய்ச் சேரும்போது நல்ல மஞ்சள். அந்த லட்சணத்துல அவளுக்கு ஆள் அனுப்பிட்டான்.

வந்தவ சுவரைப் பார்த்து, "இதுவா வெள்ளை?"ன்னா.

"கதவோரம் வெள்ளைதானே?"ன்னான் தம்பி.

"ஆமா."

"அதை ஒட்டி ஒரு சாண்? ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?"

"இல்லை."

"அப்போ அதுவும் வெள்ளை. அதுக்கு அடுத்த சாணும் அப்படித்தான். இப்படியே ஜன்னல் வரைக்கும் வா. எந்த இடத்துல மஞ்சளாச்சு, காட்டு பார்ப்போம்."

வக்கீலுக்குப் படிச்சுத் தொலைச்சிருக்கலாம், கடன்காரன்.

அவ அசரலை. அவன் காதுல செருகியிருந்த பென்சிலை உருவி, சுவர்ல ரெண்டு கோடு போட்டா. "இந்தக் கோட்டுக்குக் கதவுப் பக்கம் வெள்ளை. அந்தக் கோட்டுக்கு ஜன்னல் பக்கம் மஞ்சள். நடுவுல இருக்கிறது எதுன்னு எனக்கும் தெரியாது."

"கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டா?"

"தாராளமாப் போடுங்க. எங்க போட்டாலும் ஜன்னலோரம் மஞ்சள்தான். எல்லை தெரியலைங்கிறதுக்காக வித்தியாசமே இல்லைன்னு ஆயிடுமா?"

தம்பி முகம் தொங்கிப் போச்சு. எத்தனை திட்டினாலும் கூடப்பிறந்தவனாச்சே, எனக்கே பாவமாப் போச்சு. "திரும்பிப் போயிடுவியா? கோவம் அப்படியேதான் இருக்கா?"ன்னு மெல்லக் கேட்டான்.

"பஸ் ஏறும்போது இருந்தது. இப்போ இல்லை. எந்த ஸ்டாப்புல போச்சுன்னு மட்டும் கேட்காதீங்க."

அவன் அவ கையிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வச்சான்.