பௌர்ணமிக்கு நான் வேங்கிக்காலில்

காலையில் ஒஹையோவில் என் மேசைக் கணினியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது நம்மூர்ப் பெயர்தான். இங்குள்ள நோயாளிகளின் காப்பீட்டுத் தாள்களை அங்கே பகலெல்லாம் தட்டச்சு செய்து, நான் தூங்கி எழுவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு கோப்பின் அடியிலும் ‘இடம்: வேங்கிக்கால்’ என்றிருக்கும். பக்கத்தில் செய்தவர் பெயர். பலவற்றில் முரளி. என் கூடப்பிறந்த தம்பி. அவன் அடித்ததில் பிழை பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

நான் படித்து முடித்தபோது திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு, கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. சென்னை, பெங்களூர், பிறகு இங்கே. ஊரை ஒட்டி வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு கம்பெனி கட்டடம் எடுத்திருக்கிறது என்று முரளி சொன்னபோது போனிலேயே சிரித்தேன். அதெல்லாம் ஆறு மாசம் தாங்காதுடா என்றேன். தாங்கிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் வேன் வைத்து ஆட்களை அழைத்து வருகிறார்கள். முரளி மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அம்மா கையால் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். நான் நேற்றைய சோற்றோடு மைக்ரோவேவ் முன்னால் வரிசையில் நிற்கிறேன். பொய் சொல்வானேன், வயிறு எரிகிறது. நான் கிளம்பி வந்த பிறகா இதெல்லாம் வரவேண்டும்?

மாதத்தில் ஒரு நாள் மட்டும் கோப்புகள் பாதிதான் வரும். கேட்டால் சர்வர் கோளாறு என்பார்கள். எனக்கா தெரியாது, அது பௌர்ணமி. கூட்டத்தால் காலையிலேயே பஸ், வேனெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிடும். வந்து சேர்ந்தவர்களும் மதியமே கிரிவலம் கிளம்பிவிடுவார்கள். என் மேலாளர் கேரன் பொறுமை இழந்து, வேலையைப் பெங்களூருக்கே மாற்றிவிடலாமா, நீ அந்தப் பக்கத்துக்காரன்தானே, சொல் என்றார். நான் தலையை ஆட்டினால் போதும். முரளியும் பெட்டி கட்டுவான், ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடுவான். ஒரு நிமிடம் அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அம்மா மதியம் யாருக்குச் சோறு போடுவாள்?

பௌர்ணமி என்றேன். கேரன் முகம் மாறியது; இங்கத்திய கதைகளில் பௌர்ணமியன்று மனிதன் ஓநாயாகிவிடுவான். அன்றைக்கு வெளியே வர மக்கள் பயப்படுவார்களா என்று தணிந்த குரலில் கேட்டார். இல்லை, லட்சக்கணக்கில் வெளியே வந்து வெறுங்காலோடு மலையைச் சுற்றுவார்கள் என்றேன். அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் அந்த வேலையை யார் செய்வது என்றார். நான் செய்கிறேன் என்று என் வாய் முந்திக்கொண்டது.

அடுத்த பௌர்ணமி. காலையில் மிச்சக் கோப்புகளைத் திறந்து உட்கார்ந்ததும் செல்போன் அடித்தது. முரளி. பின்னால் ஜனச் சத்தம். அங்கே நிலா ஏறியிருக்கும்.

“அண்ணா, மிச்சத்த நீயே போட்டுடறியாமே, எங்க மேனேஜர் சொன்னாரு. இங்க கூட்டம் ஜாஸ்திண்ணா. உனக்கும் சேத்து சுத்திட்டு வந்துடறேன்.”

“எனக்கு சேத்தெல்லாம் வேணாம். நீ நட.”

எரிச்சல்தான். எனக்காக அவன் நடப்பதா? என் காலுக்கு என்ன கேடு?

முதல் கோப்பை முடித்தேன். செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்தது. ஊரை மாற்றப் பார்த்தேன். இந்த வேலைக்கு அந்த ஓர் ஊர்தான் என்று மென்பொருள் அடம்பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் என் பெயர், பக்கத்திலேயே ‘இடம்: வேங்கிக்கால்’.