கருப்பிக்குச் சுத்திப்போட்ட கதை

கல் விற்கிற தொழிலில் ஒரு வசதி, சரக்கு கெட்டுப்போகாது. ஒரு தொல்லை, வாங்குகிறவர்கள் அதையும் கெடுத்துக் காட்டுவார்கள். கடை வைத்து வாய் வலிக்கப் பேசும் என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில், சேகருடைய இளநீர்க் கடையை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்னக் கடை என்னுடையது. விற்பது புகைக்கல். காரில் வருகிறவர்கள் ஸ்மோக்கி குவார்ட்ஸ் என்பார்கள். ஸ்படிகத்துக்குக் கூடப்பிறந்ததுதான். அது தண்ணீர் மாதிரி இருக்கும், இது பால் விடாத டீ மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் ஏழுமலை கல் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறார். வெடி வைத்ததும் சில சமயம் பாறைப் பொந்துக்குள் இந்தக் கல் முளைத்த மாதிரி நிற்கும். ஜல்லியாகிப் போவதற்குள் மேஸ்திரியிடம் கேட்டு எடுத்து வந்துவிடுவார். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் துணியில் சுற்றி வைப்பது என் வேலை.

சார்ஜ் ஏறிய கல்

சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்து உள்ளங்கை அளவு கல் வாங்கினார். எல்லாரிடமும் சொல்வதுபோல அவரிடமும் சொன்னேன்: "வெயில்ல போட்டு வைக்காதீங்க, நெருப்புகிட்டயும் வைக்காதீங்க. கலர் போயிடும்." தலையைத் தலையை ஆட்டினார். அப்படி ஆட்டுகிறவர்கள் ஒருத்தரும் கேட்டதில்லை என்பது என் அனுபவம்.

கோடை முடிந்து மறுபடி பாண்டிக்குப் போகும்போது வண்டியை நிறுத்தினார். கல் சோகை பிடித்தமாதிரி வெளுத்திருந்தது. கல்லுக்குச் சக்தி ஏறணும் என்று யூடியூபில் யாரோ சொன்னார்களாம், கோடை முழுக்க மொட்டை மாடியில் கிடத்தியிருக்கிறார். "வெளுக்கும்போதே எடுத்திருக்கலாமே தம்பி" என்றேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்:

"ஃபுல் சார்ஜ் ஆனா கலர் மாறும்னு நெனச்சேங்க்கா, போன்ல பச்சை லைட் வருமே, அந்த மாதிரி."

ஒலக்கூர்ப் புதையல்

ஒலக்கூரிலிருந்து ஒரு பெரியவர் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். சேகர் எட்டிப் பார்த்ததும் துண்டை இன்னொரு சுற்று இறுக்கினார். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை போட்ட நிலத்தில், கிடைத்ததாம். பிரித்தால் காப்பி நிறத்தில், உருண்டு திரண்ட ஒரு கட்டி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே குமிழி குமிழியாக இருந்தது. புகைக்கல்லின் முனையால் ஒரு கோடு இழுத்தேன், கீறல் விழுந்தது. இதே கல்லென்றால் இப்படிக் கீறல் விழாது. இது கண்ணாடி. பீர் பாட்டில், குப்பை கொளுத்தின நெருப்பில் உருகிப்போனது.

எப்படிச் சொல்வது என்று எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. மெல்லச் சொன்னேன். பெரியவர் முகம் வாடவில்லை, சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கல்லு போனா போவுதும்மா. கொல்லைக்குக் காவலுக்குப் போறேன் காவலுக்குப் போறேன்னு என் தம்பி இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு இப்பத்தான் தெரியுது!"

கருப்பி வந்தாள்

ஒருநாள் ஏழுமலை டிப்பரில் பக்கத்து சீட்டில் எதையோ உட்காரவைத்து, தன் லுங்கியைப் போர்த்தி, சீட் பெல்ட்டும் மாட்டிக் கொண்டுவந்தார். எனக்கே அவர் அப்படி மாட்டிவிட்டதில்லை. லுங்கியை விலக்கினால் முழங்கை நீளத்துக்கு ஒரே கல். ஆறு பட்டை, கூர் முனை, எங்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. சூரியனுக்கு நேரே பிடித்தால்தான் உள்ளே செம்பழுப்பு தெரியும், இல்லாவிட்டால் கரும் இருட்டு. கருப்பி என்று பெயர் வைத்தேன். விற்பதில்லை என்றும் அன்றைக்கே முடிவு செய்தேன்.

குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஆட்டோவில் வந்தார். விற்கமாட்டேன் என்றதும், கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டாவது இருக்கிறேன் என்றார். கருப்பியை மடியில் வைத்துக் கண்ணை மூடினவர்தான், திறக்கவே இல்லை. அடுத்து வந்த குடும்பம் குரலைத் தாழ்த்தியது. அதற்கடுத்து வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சேகர் இளநீர் சீவுவதை நிறுத்திவிட்டு என் காதருகே வந்தான்.

"யக்கா, உண்டியல் எப்ப வைக்கப் போற?"

மிளகாய் நெடி வரவில்லை

விழுப்புரத்தில் பெண்கள் தொழில் கண்காட்சி நடத்தினார்கள். டேபிள் கேட்டுப் போனேன். "கூழாங்கல்லா?" என்று தயங்கின நிர்வாகி அம்மா, போனில் கருப்பி படத்தைப் பார்த்ததும், "இந்தக் கல் வந்தால் டேபிள் உண்டு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் இருக்கிறது. விழுப்புரத்தில்தான் என் நாத்தனார் ரேவதி இருக்கிறாள். போகிற விசேஷத்தில் எல்லாம் "எங்க அண்ணி ஜல்லி விக்கிறாங்க" என்று சொல்லிச் சிரிக்கிறவள். ஒரு நாளாவது அவள் வாயை மூடவேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

கண்காட்சிக்கு முதல் நாளே போய் டேபிளை அலங்கரித்துவிட்டு வந்து அசந்து தூங்கினேன். காலையில் கருப்பியைத் துணியில் சுற்றலாமென்று தேடினால் காணோம். கொல்லையில் வெந்நீர் அடுப்பு முன்னால் ஏழுமலை குந்திக்கொண்டிருந்தார். சவுக்கு விறகுத் தணல் ஆறிச் சாம்பலாகியிருந்தது. அதற்குள்ளிருந்து கருப்பியை எடுத்து ஊதிக்கொண்டிருந்தார். மேல் பாதி கருப்பு. புதைந்திருந்த கீழ்ப்பாதி நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வச்சிருக்க!" என்று கத்தினேன். ஊர்க் கண்ணெல்லாம் கருப்பி மேல்தான் என்று உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாராம். நெடியே வரவில்லையாம். அப்படியானால் கண் கல்லுக்குள்ளேயே ஏறிவிட்டது என்று கல்லையே தணலில் சொருகிவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நெருப்பு, நெருப்பு என்று சொன்னேனே, வீட்டிலிருக்கிற மனுஷனிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, பெருமை தாங்காமல் சொன்னார்:

"பாத்தியா, எம்மாங் கண்ணு பட்டிருந்தா இம்மாங் கருப்பு எறங்கியிருக்கும்! பாதி ஸ்படிகமாவே ஆயிடுச்சு பாரு!"

விழுப்புரத்தில்

வேறு வழியில்லை, அதையே கொண்டுபோய் வைத்தேன். நிர்வாகி அம்மா வந்து குனிந்தார். பின்னாலேயே ரேவதியும் வந்து நின்றாள். "படத்துல முழுசும் கருப்பா இருந்துச்சே? இது இயற்கையாவே ரெண்டு கலரா?" என்றார் அந்த அம்மா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பீர் பாட்டிலைப் பீர் பாட்டில் என்று பெரியவர் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். எனக்கென்று வரும்போது மட்டும் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க மேடம். கண்ணு பட்டுடுச்சுன்னு எங்க வீட்டுக்காரரு வெந்நி அடுப்புல வேக வச்சுட்டாரு."

நிர்வாகி அம்மா சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பக்கத்து ஊறுகாய் டேபிள்காரி, தன் புருஷன் பட்டுப்புடவையை வாஷிங் மெஷினில் போட்ட கதையை ஆரம்பித்தாள். அதைக் கேட்க நாலு பேர் வந்தார்கள், வந்தவர்கள் அவரவர் புருஷன் கதையோடு நின்றுவிட்டார்கள். என் டேபிளை வாசல் பக்கம் மாற்றிப் போடச் சொன்னார் அந்த அம்மா. கூட்டம் நெருக்கியடித்தது. அந்தக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ரேவதி முன்னால் வந்தாள். ஜல்லி என்று சொல்லப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, கருப்பி மேல் கையை வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நல்லா பாத்துக்கோங்க, இத வேக வச்சது எங்க அண்ணன்தான்!"

அதனால் இப்போதெல்லாம் கல் வாங்குகிறவர்களிடம், வெயிலில் வைக்காதீர்கள், நெருப்பில் வைக்காதீர்கள், பாசமுள்ள புருஷன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள் என்று மூன்றாவதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.