கழற்றிக் கொடுத்த தாலி

என் மனைவிக்கு மூளையில் காசநோய்க் கட்டி. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, அவ்வப்போது மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் போய் ஸ்கேன் எடுப்போம். அந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது.

முதல் தடவை தாலியைக் கழற்றச் சொன்ன நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டாள். "எம்புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கையில நான் எதுக்குக் கழத்தணும்?" நான் ஓடிப்போய் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு வாங்கிவந்து கட்டிய பிறகுதான் தாலிச் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். வெளியே வந்ததுமே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது ஸ்கேனில் கட்டி பெரிதாகியிருந்தது. "மருந்து சாப்பிடும்போது சிலருக்கு முதல்ல இப்படி வீங்கும். நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே அவள் "வீட்டுக்குப் போவோம்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

போன வாரம் மூன்றாவது ஸ்கேன். கழற்றச் சொன்னதும் பேசாமல் கழுத்தை நீட்டினாள். கயிறு கேட்கவில்லை, நானாகத்தான் கட்டிவிட்டேன். வெளியே வந்தும் தாலியைக் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிச் சிரித்தார். "கட்டி நல்லா சுருங்கிருச்சு."

திரும்பும் பஸ்ஸில் பொறுக்கமாட்டாமல் தாலியை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு தாலிண்ணே? பாவம், அந்தப் பொம்பள தேடிக்கிட்டிருப்பா."