அறிவுக்கு 3,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி

கோவையில் நடக்கும் மென்பொருள் மாநாட்டுக்குப் போனால் ஏதாவது தேறுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆவணியில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். பார்வையாளனாக அல்ல, பேச்சாளனாக. இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது. அன்று காலை ஒன்பது மணி வரை நன்றாகவே நிமிர்ந்திருந்தது.

என் பேச்சு, விசைத்தறி ஏன் நின்றது என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றியது. நிரல் மட்டும் என்னுடையது. மற்றதெல்லாம் சோமனூர் சுப்பிரமணி அண்ணனுடையது. பதினாறு தறி வைத்திருக்கிறார். ஆறு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தறிகளுக்கு நடுவே உட்காரவைத்து, நூல் அறுந்து நிற்பது எது, மோட்டார் சூடாகி நிற்பது எது, ஆள் டீ குடிக்கப் போனதால் நிற்பது எது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை, மதியச் சோறு வேறு போட்டார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்து, மேடையில் அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் திருநெல்வேலிக்காரன். பெருந்துறைக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் போனில் அழைத்தால் அது அழைப்பே இல்லை என்று கற்றுக்கொண்டிருந்தேன். ஆகவே தட்டில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கோடு மாநாட்டு நிகழ்ச்சி நிரலையும் வைத்து, அண்ணன் வீட்டுக்கே போய் நீட்டி, "குடும்பத்தோட வந்துருங்க" என்றேன். அப்படிச் சொல்வதுதான் முறை. "நீங்க மட்டும் வாங்க" என்று இங்கே எவரும் எவரையும் அழைத்து நான் பார்த்ததில்லை.

பெருந்துறையில் காலை 6.40க்குப் பேருந்து. கருமத்தம்பட்டிக்கு 55 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். அங்கே அண்ணன் பைக்கில் காத்திருப்பார் என்று நினைத்தேன். ஆம்னி வேன் நின்றது. உள்ளே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் அண்ணன், பட்டுப்புடவையில் அவர் மனைவி சரசு அக்கா, பின்சீட்டில் காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் அக்காவின் தம்பி பழனிச்சாமி. அவர் மடியில் ஐந்து லிட்டர் தேங்காய் எண்ணெய் கேன்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"விசேசத்துக்குக் கூப்புட்டுப்போட்டீங்க, வெறுங்கையோட வாரதுங்களா?" என்றார் பழனிச்சாமி.

அவிநாசி சாலையில் இன்னும் 22 கிலோமீட்டர். 8.50க்கு ஓட்டலில் இருந்தோம். வாசலில் 'அறிவைப் பகிர்வோம்' என்று பெரிய பதாகை. அதற்கு நேர் கீழே பதிவு மேசை: ஒருவருக்கு 3,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மேசையில் இருந்த பெண் கைகூப்பாத குறையாக, "பேச்சாளருக்கு மட்டுந்தானுங்க இலவசம்" என்றார். மூன்று பேருக்குக் கணக்குப் போட்டேன், வரியோடு 12,390. மாதக் கடைசி. என் வங்கி அட்டையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்.

அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, நீங்க பேசறதுக்கு எவ்வளவு தருவாங்க?"

"பணம் கிடையாதுண்ணா. ஒரு பையும் பனியனும்."

பின்னாலேயே வந்த பழனிச்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பனியனுங்களா? திருப்பூர்ல எடை போட்டே வாங்கலாமுங்களே!"

அமைப்பாளர் கௌதம் ஓடி வந்தார். நல்ல பையன்தான், மூன்று நாள் தூங்காத முகம். மூன்று பேருக்கும் இத்தனை காசா என்று கேட்டேன். "லாபத்துக்குத்தான் நடத்தறோமுங்க, ஒளிக்கல. போன வருசம் சும்மா நடத்தினோம். முந்நூறு பேர் பேர் குடுத்தாங்க, அறுபது பேர் வந்தாங்க. மிச்ச சாப்பாட்டுக்கு என் சம்சாரத்தோட சங்கிலி போச்சுங்க."

"வாஸ்தவந்தானுங்க" என்று அண்ணன் அவர் பக்கமே சாய்ந்துவிட்டார். "நானும் துணிய சும்மாவா நெய்யறேன்? நாங்க வேன்லயே இருக்கறோமுங்க தம்பி, நீங்க பேசிப்போட்டு வாங்க."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததை நான் உள்ளே பேசுவேன், கேட்பவர்கள் காசு கொடுப்பார்கள், அவர் வண்டி நிறுத்துமிடத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். "இவங்க உள்ள வரலைன்னா நானும் பேசலை" என்றேன். என் பேச்சு 11.30க்கு, மாற்றுக்கு ஆளில்லை. கௌதம், வராத விளம்பரதாரர்களின் கழுத்து அட்டைகள் மூன்றை எடுத்து மாட்டிவிட்டார். அக்கா அன்று முழுக்க 'பிளாட்டினம் பங்குதாரர்'. பழனிச்சாமி எண்ணெய் கேனைக் கௌதம் கையில் திணித்தார். கீழே வைத்தால் மரியாதை இல்லையென்று கௌதம் அதைச் சுமந்துகொண்டே மேடை ஏறி வரவேற்புரை ஆற்றினார்.

என் பேச்சு சுமார்தான். கடைசியில் ஒருவர், தறி எத்தனை நிமிடம் நின்றால் முதலாளிக்கு எச்சரிக்கை போகவேண்டும் என்று கேட்டார். நான் முன்வரிசையைப் பார்த்தேன். அண்ணன் எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். "நூலறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்ட மூணு நிமிசமுங்க. அதுக்கு மேல நின்னாத்தான் சேதி." அன்று விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

மாநாடு லாபம் பார்க்கலாமா? பார்க்கட்டும். மண்டபத்துக்கு வாடகை, சமையலுக்கு ஆள் வேண்டும், யாரும் சங்கிலியை இழக்கவேண்டாம். ஆனால் மிஞ்சுவதில் ஒரு பங்கு, விஷயம் கொடுத்தவருக்கும் போகவேண்டும். பனியன் பங்கு ஆகாது. போகிறவர்கள், கூட எத்தனை பேர் வரலாம் என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்த 100 ரூபாய். சாப்பாடு ஒரு மணிக்கு, 12.50க்கே வரிசையில் நில்லுங்கள்.

இன்னொன்று. பேச்சுகளின் காணொளியை இப்போது 999 ரூபாய்க்கு விற்கிறார்கள். போன வாரம் அண்ணன் அழைத்தார். "நா பேசினத பாக்கறதுக்கு 999 கேட்டுதுங்க தம்பி. கட்டிப்போட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. திட்டத் தொடங்குவதற்குள் அவரே குறுக்கிட்டார். "அதுக்கில்லீங்க. சரியாச் சொன்னனான்னு ஒரு சந்தேகம். பாத்தா, மூணு நிமிசம்னே சொல்லிப்போட்டேன். அது பழகுன கைக்குங்க. புதுசா வந்தவங்களுக்கு அஞ்சு வேணும். எவராச்சும் மூணுன்னு வெச்சு, பாவம், புது ஆளுக திட்டு வாங்குனா? காசு கட்டிப் பாத்தவங்களுக்கெல்லாம் இத எப்படீங்க சொல்லறது?"

கௌதமிடம் கேட்டேன். விற்றுப்போன காணொளியில் திருத்தம் சேர்க்க வழியில்லையாம். ஆகவே 999 கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்: தறிக்குப் புது ஆள் என்றால் மூன்றல்ல, ஐந்து நிமிடம். சொன்னவர் சோமனூர் சுப்பிரமணி அண்ணன்.