பீரோ கதவு இடித்த கண்

புளி கரைத்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் அடித்தது. ஜன்னலைப் பார்த்தேன். சிங்காநல்லூரில் அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். மறுபடி அடித்தது. கண்ணை மூடினாலும் அடித்தது. சாயங்காலத்துக்குள் தண்ணீரில் மிளகைக் கொட்டியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் மிதக்க ஆரம்பித்தன.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி இருந்தால் இப்போதே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். நான் ஒன்பது நாள் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினாறு வருஷம் பேட்மின்டன் டபுள்ஸ் ஆடியவள் நான். ஜோடி சாந்தாமணி. அவள் பின்னால் நின்று அடிப்பாள், நான் வலைக்குப் பக்கத்தில் நின்று முடிப்பேன். மாநில அளவில் ஜெயித்தோம். அதை வைத்து எனக்கு அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முப்பத்தைந்து வயதில் முட்டி போனது, நிறுத்திவிட்டோம்.

இதை நளினமான ஆட்டம் என்று சொல்பவர்கள் வலைக்குப் பக்கத்தில் நின்றதில்லை. டபுள்ஸில் காலி இடத்தைப் பார்த்து மட்டும் அடிப்பதில்லை, ஆளைப் பார்த்தும் அடிப்போம். ராக்கெட் பிடித்த கையின் அக்குள், இடுப்பெலும்பு, தொண்டை. அங்கே வேகமாக வந்தால் எடுப்பது கஷ்டம். ஒருமுறை ஈரோட்டில் எதிரே நின்ற பெண்ணின் கழுத்தில் அடித்தேன். நீலமாகக் கட்டிவிட்டது. அதைப் பார்த்து நானும் சாந்தாமணியும் கையோடு கை தட்டினோம். அன்றைக்கு வெட்கப்படவில்லை.

முன்னால் நிற்பவளுக்கு ஒரு விதி உண்டு. ஜோடி பின்னாலிருந்து அடிக்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும். பழக வந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள்.

போன வருஷம் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான போட்டியில் மறுபடி இறங்க முடிவு செய்தோம். காலைப் பயிற்சியில் எங்களுக்கு எதிராக இரண்டு கல்லூரிப் பெண்கள். ஷட்டில் உயரமாகப் பின்னால் போனது. சாந்தாமணியின் காலடி பிந்தியது என் காதில் விழுந்தது. எட்டமாட்டாள் என்று நினைத்துத் திரும்பினேன். எட்டிவிட்டாள். முழு வேகத்தில் அடித்தாள். ஷட்டிலின் தக்கை நேராக என் வலது கண்ணில் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல மண்டைக்குள் சத்தம் கேட்டது.

அந்தப் பெண்களிடம் சிரித்து மழுப்பினேன். சாந்தாமணி ஸ்கூட்டரில் என்னை வீட்டில் இறக்கிவிட்டாள்.

"வெளிய சொல்லிப்போடாத புள்ள. நான் திரும்புனேன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்," என்றேன்.

"நானெதுக்குச் சொல்லப்போறேன்? பீரோக் கதவு இடிச்சுதுன்னு சொல்லிக்கோ."

அப்படியே சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன், தெருமுனை டாக்டரிடமும் சொன்னேன். அவர் சொட்டு மருந்து கொடுத்தார். மறுநாள் மின்னல் அடித்ததை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், அங்கே ஆடாதே என்பார்கள். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறியது. ஒன்பதாம் நாள் போட்டி. முதல் ஆட்டத்தின் பாதியில் திரை நடுக்கண்ணுக்கு வந்துவிட்டது. இடது கண்ணை மூடினால் எதிரே நின்றவளுக்குத் தலையே இல்லை. தோற்றோம். ராக்கெட்டைத் தூணில் அடித்து உடைத்துவிட்டு அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் டாக்டர் ஒரு பெண். வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எப்பங்க அடிபட்டுச்சு?"

"நேத்துங்க. பீரோக் கதவு."

"கண்ணுக்குள்ள நேரா மோதியிருக்குங்கம்மா. உருண்டையா ஏதோ வேகமா வந்திருக்கு. உங்க ஊட்டு பீரோ பறக்குங்களா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னேன்.

விழித்திரை விலகல் (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருந்து ஒளியை வாங்கும் படலம் கழன்று வருவது) என்றார். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் கிழிசலை லேசரால் ஒட்டியே முடித்திருக்கலாமாம். இப்போது பார்வையின் நடுப்பகுதியும் கழன்றுவிட்டது.

"ஏனுங்க டாக்டர், பார்வை வந்துருமுங்களா?"

"ஒட்ட வெச்சுப் பார்ப்போம். வரும்னு என்னால இப்ப சொல்ல முடியாதுங்க."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "கண்ணை விட ஆட்டம் பெருசா கண்ணு?" ஆமாம் என்று கத்தினேன். நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணாடியத் திரவ நீக்கம் (கண்ணை நிரப்பியிருக்கும் கூழை எடுக்கும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். கூழ் இருந்த இடத்தில் வாயுவை அடைத்தார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து படலத்தைக் கண்ணின் பின்சுவரோடு அழுத்த வேண்டும். அதற்காகப் பத்து நாள் முகத்தைத் தரையைப் பார்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், கக்கூஸ் எல்லாம் குனிந்தபடி. குமிழி கரையும்வரை ஊட்டி பக்கம் போகக் கூடாது, மலை ஏறினால் வாயு விரிந்து கண் போய்விடும் என்றார்கள். இதை உங்களுக்கும் சொல்லிவிட்டால் கல்யாணம், கருமாதி என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

பத்து நாளும் எனக்கு மனிதர்கள் இல்லை, பாதங்கள்தான். மொசைக் தரையில் இருந்த கறுப்புக் கற்களை எண்ணுவேன், எண்ணிக்கை தப்பும், திரும்ப எண்ணுவேன். பகல் எது, மாலை எது என்பது வந்து நிற்கும் செருப்பை வைத்துத்தான்.

நான்காம் நாள் சாந்தாமணி வந்தாள். பாதத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் தரையில் மல்லாந்து படுத்து, நகர்ந்து, என் முகத்துக்கு நேர்க்கீழே வந்தாள்.

"எப்படியிருக்க பூவு?" என்றாள். அவளுக்கு நான் எப்போதும் பூவுதான்.

"குருடியாக்கிப்போட்டுக் கேக்க வந்தயா?"

"நான் அடிச்சேன், இல்லேங்கல. நீ எதுக்குத் திரும்புன?"

"உன்னால முடியாதுன்னு நெனச்சேன். நீ கெழவியாயிட்டேன்னு நெனச்சேன்."

"நெனச்சயா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. குனிந்தபடியே அவள் முடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைத் தரையில் மோதினேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அவள் கையை ஓங்கவில்லை. நான் ஆவேசத்தில் நிமிரப்போனபோதுதான் என் பின்கழுத்தைப் பிடித்து அழுத்தினாள்.

"அடி. எவ்வளவு வேணா அடி. தலைய மட்டும் தூக்காத."

கழுத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் கண்ணீரும் மூக்குச்சளியும் அவள் முகத்தில் சொட்டின. "த்தூ, அக்கட்ட திருப்பு மூக்க," என்றாள். அவள் எழுந்து போன பிறகு தரையில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. வீட்டுக்காரர் துடைத்தார்.

இரண்டு மாதத்தில் படலம் மறுபடி கழன்றது. இரண்டாவது முறை வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்துத் தைத்தார்கள். ஒட்டியது. ஆனால் வலது கண்ணில் இன்று வெளிச்சம் தெரியும், முகத்துக்கு முன் கையை ஆட்டினால் தெரியும், அவ்வளவுதான். "இதுக்கு மேல இல்லீங்க," என்றார் டாக்டர். ஒன்பது நாள் முன்னால் வந்திருந்தால் என்று கேட்க வாய் எடுத்தேன். அவரே ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

இப்போது டம்ளருக்கு வெளியே டீ ஊற்றுகிறேன். படி இறங்கும்போது இல்லாத படிக்குக் காலை வைக்கிறேன். என் உடம்பு மூக்கோடு முடிகிறது. அதற்கு வலப்பக்கம் யாரும் வருவதில்லை, திடீரென்று வந்து நிற்கிறார்கள். முதல் மாதம் அப்படி வந்து நின்ற வீட்டுக்காரரைக் கரண்டியால் அடித்துக் காதைக் கிழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேகமாக வரும் எதையும் திருப்பி அடிக்கத்தான் என் கை பழகியிருக்கிறது.

மன்னிப்பு என்ற பேச்சு எனக்கும் சாந்தாமணிக்கும் நடுவில் வரவில்லை. வராது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வாசலிலிருந்தே "வாரேன்" என்று குரல் கொடுக்கிறாள். அப்புறம் என் வலப்பக்கமாகவே வருகிறாள், இடப்பக்கம் இடம் இருந்தாலும். குரலுக்கும் ஆளுக்கும் நடுவில் பத்தடி. முன்பெல்லாம் ஆள் கண்ணில் பட்டுவிடுவதால் அந்தத் தூரத்தில் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை. இப்போது இருக்கிறது, நீளமாக இருக்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தைத் திருப்பாமல், அவள் வந்து சேரும்வரை நிற்கிறேன்.