ஏலக்காய்த் தட்டும் ஈஸ்வரியின் தலையும்

மருந்துக்கடைக்கு வந்து பொடுகைப் பற்றிப் பேசுகிற யாரும் அது தன் தலையில் இருப்பதாக ஆரம்பிப்பதில்லை. மச்சானுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு, தெரிஞ்ச ஒருத்தருக்கு என்றுதான் கேட்பார்கள், கேட்கும்போதே கை காதுக்கு மேலே போய்விடும். இருபது வருடம் கோவையில் மருந்துக் கம்பெனிக்காக அலைந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் போடிக்குத் திரும்பிக் கடை போட்டவன் நான். சொறிவதற்கு முன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே கட்சி.

வளைவில் ஒரு கை

முருகேசன் எஸ்டேட் ஆட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறான். தாரனுக்கு மருந்து இருக்கா என்று வந்து நின்றான். அஞ்சாம் வகுப்பு வரை மலை மேலே மலையாளத்தில் படித்தவன் நான். தாரன் என்றால் மலையாளத்தில் பொடுகு, அதைத்தான் கேட்கிறான் என்று புரிந்தது. யாருக்கு என்றேன். கிளீனருக்கு என்றான். அவன் ஜீப்பில் கிளீனரே கிடையாது.

பிறகு உண்மை வந்தது. மூன்று நாளாக எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்திருக்கிறான். சொறிந்த புண்ணில் சாறு இறங்கி, ஒரு கை ஸ்டீயரிங்கிலும் ஒரு கை தலையிலுமாக மலை ஏறியிருக்கிறான். பின் சீட்டில் ஏலக்காய் எடுக்கப் போகும் அம்மா ஒருவர் இரண்டு வளைவு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மடியிலிருந்து சீப்பை எடுத்துவிட்டாராம். "'நீ ரோட்டைப் பாரப்பு, தலையை நான் பாத்துக்கிறேன்'னு மெட்டு வரைக்கும் சொறிஞ்சுவிட்டுக்கிட்டே வந்துச்சுண்ணே."

தட்டில் விழுந்த வெள்ளை

அடுத்த வாரம் மனைவி ஈஸ்வரியைக் கூட்டி வந்தான். அவளுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. தட்டில் கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ள வேண்டும். பச்சைக் காயின் மேல் வெள்ளையாக எது விழுந்தாலும் ஒளிக்க முடியாது. சொறிந்த கை திரும்பத் தட்டுக்குள் போவதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். மாசக் கடைசிக்குள் தலை சுத்தமாகவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேறு இடம் என்றால் மலையில் காய் எடுப்பதுதான்.

மருந்து ஷாம்பு கொடுத்தேன். புதனும் சனியும் போட்டு, நுரையை அஞ்சு நிமிடம் விட்டுக் கழுவச் சொன்னேன். ரொம்பப் பயப்படாதே, மலைவேலை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று தேற்றியும் பார்த்தேன். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மலைக்குப் போறதுகூடப் பரவாயில்லண்ணே. இவரு ஜீப்புலதானே போகணும்."

ஆம்பளைக் கிழமை

பத்து நாள் கழித்து அதே அரிப்போடு வந்தாள். முகம் சுண்டியிருந்தது. புதனும் சனியும் ஆம்பளைகள் தலைக்குக் குளிக்கிற கிழமையாம், மாமியார் விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் போட்டிருக்கிறாள். முதல் நாளே வாசலில் சூப்பர்வைசர் மோந்து பார்த்து அரைநாள் வெளியே உட்கார வைத்துவிட்டார். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அந்தக் கூடத்துக்குள் பூ, பவுடர், வாசனை எண்ணெய் எதற்கும் இடமில்லை, மருந்து வாசத்துக்கு மட்டும் இருக்குமா? அதனால் நுரை வந்ததும் வழித்துக் கழுவி, வாசம் அடங்கத் தேங்காயெண்ணெயை அப்பி, ஈரத்தோடு கொண்டை போட்டு ஓடியிருக்கிறாள். பொடுகுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ஊரில் பிறந்தவன் நான், கிழமையையும் கேட்கவில்லை, வேலையையும் யோசிக்கவில்லை. செவ்வாய், வெள்ளியே இருக்கட்டும், வேலை விட்டு வந்து சாயங்காலம் போடு, நன்றாக அலசி, காய்ந்த பிறகு கொண்டை போடு, எண்ணெய் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று மாற்றினேன். அஞ்சு நிமிடத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பாய் என்றதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. "அந்தியில தலைக்கு ஊத்துனா எங்க அத்தை திட்ட ஆரம்பிக்கும். அது அஞ்சு நிமிசத்துக்குக் கொறையாதுண்ணே, முடிஞ்சதும் அலசிக்கிறேன்."

கறுப்புத் துணி

மாசக் கடைசியன்று எனக்குக் கடையில் இருப்பே கொள்ளவில்லை. யாரோ இருமல் மருந்து கேட்க, ஷாம்புவை எடுத்து நீட்டினேன்.

சாயங்காலம் ஈஸ்வரி வந்தாள். சூப்பர்வைசர் டியூப் லைட்டுக்கு அடியில் உட்கார வைத்து, தோளில் கறுப்புத் துணியைப் போட்டுத் தலையைச் சீவச் சொன்னாராம். உதறிப் பார்த்தால் ரெண்டு முடிதான். வேலை நிலைத்துவிட்டது. கை தலைக்குப் போகாததால் அன்றைக்கு அவள் தட்டுதான் முதலில் முடிந்ததாம். "'இம்புட்டு வேகத்தை இத்தனை நாளா எங்க வச்சிருந்த'ன்னு கேக்குறாரு. தலையிலதான் வச்சிருந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பொடுகு என்னவோ தலையில்தான் இருக்கிறது, ஆனால் அது போவதற்குக் கிழமை, வேலை, வீடு எல்லாவற்றிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது.