பள்ளிக்கரணைக்குப் போன பலகை

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மரத்தின் மேல் பென்சிலால் போட்ட நீளமும் அகலமும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதெல்லாம் எனக்குக் குத்துமதிப்பு. பிழை இருந்தால் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாமென்றால், நான் இரண்டு வரி சொல்வதற்குள் என் மனைவி குறுக்கே புகுந்து, தன் பேரில் ஒரு தப்பும் இல்லாத மாதிரி முடித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மரக்கடையில் அறுப்பு மிஷினில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் கிறிஸ்தவர்கள், பள்ளிக்கரணையில் இருக்கிறார்கள். இரண்டு பேரும் தாங்களே முடிவு செய்து ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சர்ச்சில் வைக்கவில்லை என்று அவர்கள் வீட்டில் வருத்தம். மண்டபத்தில் வைக்கவில்லை என்று எங்கள் வீட்டில் வருத்தம். சண்டையெல்லாம் இல்லை. பண்டிகை நாளில் போன் போட்டு "சாப்டீங்களா" என்று கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நாங்களும் அங்கே போனதில்லை.

போன டிசம்பரில் மகளுக்கு ஆறாம் மாதம். தை பிறந்ததும் எங்கள் வீட்டில் வளைகாப்பு வைக்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை. ஆனால் மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அத்தை வரலன்னா வேணாம்மா. தினமும் மாத்திரையிலேர்ந்து பால் வரைக்கும் அவங்கதான் பாத்துக்கறாங்க. அவங்களை விட்டுட்டு நான் வந்து மணையில உக்கார மாட்டேன்."

அப்படியென்றால் யாராவது அந்த அம்மாவிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். மாப்பிள்ளை கேட்கலாம், ஆனால் அவர் எங்களைவிடப் பயந்தவர். "ஆம்பள நீ கேட்டாதான் மரியாத" என்று மனைவி என் தலையில் கட்டினாள். நான் யார் என்று தெரிந்துதான் கட்டினாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும், சத்தம் போட்டு நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்துமஸ் அன்று சாயந்தரம் பார்ட்டிக்கு வரச் சொல்லி அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாக அழைப்பு வந்தது. கூடவே மகளின் போனும் வந்தது.

"அப்பா, பெருசா ஒரு மரப்பலகை வேணும். அது மேல ஸ்நாக்ஸ் எல்லாம் அடுக்கி டேபிள்ல வைக்கணும். இப்ப எல்லா பார்ட்டியிலயும் இதான். பலகை நீங்க பண்ணுங்க. முறுக்கு, அதிரசம் அம்மா பண்ணட்டும். திராட்சை, சீஸ் மாதிரி மிச்சதெல்லாம் நான் ஆர்டர் போட்டு அங்க அனுப்பறேன். நம்ம வீட்டுலேர்ந்து வந்ததுன்னு எல்லாரும் பாக்கணும்பா."

போட்டோவும் அனுப்பினாள். ஒரு பலகையில் பழம், பருப்பு, பிஸ்கட்டு, என்னவென்று தெரியாத பத்து சாமான், எல்லாம் சேர்ந்து கிறிஸ்துமஸ் மரம் மாதிரி படுத்திருந்தன.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "வூட்ல தட்டு இல்லியா அவங்களுக்கு?"

பலகை எனக்குத் தெரிந்த சமாச்சாரம். கடையில் மீந்த தேக்கு ஒன்றை எடுத்து, இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் அறுத்தேன். சின்னதாக எடுத்துப் போனால் கஞ்சன் என்பார்கள் என்று பெரிதாகவே எடுத்தேன். அந்தப் புத்திக்குத்தான் என்னை அடிக்க வேண்டும். இரண்டு சாயந்தரம் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு, ஓரமெல்லாம் மழுக்கினேன். தின்கிற பண்டம் படுமே என்று வார்னிஷ் அடிக்காமல் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். கடையில் லோடு இறக்குகிறவன் வந்து பார்த்தான்.

"இன்னா மச்சான், பொண்ணு வூட்டுக்குக் கதவு செஞ்சி எடுத்துகினு போறியா?"

"பலகாரம் அடுக்க."

"யானைக்கா?"

பண்டிகையன்று மத்தியானம் நான் மனைவியிடம் சொன்னேன், எல்லாவற்றையும் டப்பாவில் எடுத்துப் போவோம், பலகையைத் தனியாகத் துணியில் சுற்றிக்கொள்வோம், அங்கே போய் அடுக்குவோம் என்று. யாருக்குமே தோன்றக்கூடிய யோசனை இது. அவளுக்குத் தோன்றவில்லை.

"மொத தடவ சம்பந்தி வூட்டுக்குப் போறோம். இது பொண்ணு வூட்டு சீரு. சீருன்னா நெறைஞ்சி வாசப்படி ஏறணும். காலிப் பலகையத் தூக்கிகினு போய் நிப்பியா?"

"அவங்க வேதக்காரங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல."

பலகையைத் தரையில் போட்டோம். அதிரசத் தூக்குச்சட்டியில் போனைச் சாய்த்து வைத்ததும் மகள் வீடியோவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த இரண்டு மணி நேரம் நான் பட்ட பாட்டை யாரும் படக் கூடாது.

பச்சைத் திராட்சையை மரம் மாதிரி மேலே கூராகவும் கீழே அகலமாகவும் அடுக்கச் சொன்னாள். அடுக்கினோம். நடுவே செர்ரி, பக்கத்தில் முந்திரி, பேரீச்சை, ஒரு மூலையில் முறுக்கு, ஒரு மூலையில் அதிரசம். மனைவி முப்பது வருஷமாக வாசலில் கோலம் போடுகிறவள். இந்தப் பக்கம் நாலு வைத்தால் அந்தப் பக்கமும் நாலு வைக்காமல் அவள் கை ஓயாது.

"அம்மா, அப்படி வரிசையா வைக்காத. சும்மா நேச்சுரலா, வழிஞ்ச மாதிரி இருக்கணும்."

"வழிஞ்ச மாதிரியா? அதுக்கு இன்னாத்துக்கு அடுக்கணும்? கொட்டிட்டுப் போலாமே."

"அப்பா, நீங்க வைங்கப்பா."

நான் வைத்தேன். "என்னப்பா, செங்கல் அடுக்கற மாதிரி வைக்கறீங்க" என்றாள். பலகை தெரியக் கூடாதாம். இரண்டு நாள் இழைத்த பலகை ஒரு இடத்திலும் தெரியக் கூடாதாம். சீஸ் என்று வந்திருந்த வெள்ளைக் கட்டியை மனைவி ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து, சுண்ணாம்பில் உப்பைப் போட்டுப் பிசைந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி மிச்சத்தை என் வாயில் போட்டாள். பிறகு எண்ணினாள். எட்டு வகை இருந்தது.

"எட்டு ஆவாது. ஒத்தப்படையில இருக்கணும். வெத்தல பாக்கு, மஞ்ச வெக்கறேன்."

"அம்மா, ப்ளீஸ். மஞ்சக் கிழங்கு எல்லாம் வைக்காத. இது பார்ட்டி."

"வெக்கல, வெக்கல" என்றாள். மகள் போனை வைத்ததும் உள்ளே போய் இரண்டு மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்து திராட்சைக்கு அடியில் சொருகினாள். நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

வெளியே தூறல். பலகையின் மேல் பிளாஸ்டிக் தாளை மூடி, ஆட்டோவில் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னா சார், மடியிலேயே பந்தி போட்டுகினு வரீங்க?"

சேலையூர் தாண்டும்வரை ஒன்றும் ஆகவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு பைக் குறுக்கே புகுந்ததில் ஆட்டோ சட்டென்று நின்றது. திராட்சை மரத்தின் உச்சி சரிந்து முறுக்குப் பக்கம் போனது.

"ஒன் பக்கம் எறக்கிட்ட நீ" என்றாள் மனைவி.

நான் இறக்கவில்லை. என் தொடை அவள் தொடையைவிட ஒல்லி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மேடவாக்கத்துக்கு முன்னால் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்த பள்ளம் ஒன்றில் சக்கரம் இறங்கி ஏறியது. பிளாஸ்டிக் தாளுக்குள் ஏதோ உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, கொஞ்சம் பாத்துப் போங்க."

"ரோட்டப் பாத்து சொல்லுமா. என்னப் பாத்து சொல்லாத."

பள்ளிக்கரணை போய்ச் சேர்ந்தபோது மரம் இல்லை. அதிரசத்தின் எண்ணெயில் சீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. செர்ரியின் சாயம் முந்திரி எல்லாவற்றிலும் ஏறி, முந்திரி புண் பட்ட மாதிரி இருந்தது. முறுக்கில் பாதி நொறுங்கிவிட்டது. மகள் கேட்ட மாதிரியே எல்லாம் வழிந்துதான் கிடந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி படியேறினோம்.

மகள் கதவைத் திறந்தாள். தாளை ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே ஹாலில் இருபது பேர், பாட்டு, சிரிப்பு. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "ரூமுக்கு, ரூமுக்கு" என்று மகள் தள்ளினாள். அந்த அவசரத்திலும் என் மனைவி நின்று, வலது காலை எடுத்து வைத்துத்தான் உள்ளே போனாள்.

கட்டிலின் மேல் பலகையை வைத்து மூன்று பேரும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தோம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க வந்து அடுக்கியிருக்கலாமே. யாரு இப்படி அடுக்கி எடுத்துட்டு வரச் சொன்னது?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். "கேக் வெட்டணும், எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பலகையைப் பார்த்து நின்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீ குனியாத. போய் அந்தச் சேர்ல உக்காரு, காலை நீட்டு" என்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, தானே பிரிக்க ஆரம்பித்தார். நொறுங்கியது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். அந்த வேகத்தைப் பார்த்தாலே எத்தனை வருஷம் வார்டில் இருந்தவர் என்று தெரிந்தது. திராட்சையைத் தூக்கியவர் அடியிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன, இஞ்சியா?"



"அது எப்டி வந்துச்சின்னு தெரியலக்கா" என்றாள் என் மனைவி.

அங்கேதான் எனக்குப் பொறுமை விட்டுப்போனது. இரண்டு நாள் இழைத்தது, இரண்டு மணி நேரம் அடுக்கியது, ஆட்டோவில் தொடை மரத்துப்போனது எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"மஞ்சக் கிழங்குங்க. இவதான் ஒளிச்சி வெச்சா. இது சீராம். நெறைஞ்சிதான் வாசப்படி ஏறணுமாம். டப்பாவுல எடுத்துகினு போலாம்னு காலையிலேர்ந்து தொண்ட கிழிய சொல்லிட்டேன்." உண்மையில் நான் ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவாக. ஆனால் நிறுத்த முடியவில்லை. "இம்மாம் பாடும் எதுக்குன்னா, தையில இவளுக்கு வளைகாப்பு வெக்கணும். நீங்க வந்தாதான் மணையில உக்காருவேன்றா. உங்களக் கேக்க எங்க யாருக்கும் தைரியம் இல்ல. மாப்பிள்ளைக்கும் இல்ல. வருவீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லிடுங்க. பலகைய என்ன வேணா பண்ணிக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அறைக் கதவு திறந்திருந்ததும், ஹாலில் பாட்டு நின்றிருந்ததும் தெரிந்தது. காலடியில் பூமி பிளந்தால் தேவலை என்று நின்றேன்.

அந்த அம்மா மஞ்சளைத் தலையணை மேல் வைத்தார். "யாராவது என்னைக் கேட்டீங்களா? கேக்காம நானா எப்படிண்ணா வர முடியும்? கல்யாணத்தப்பவும் இப்படித்தான். எல்லாரும் எனக்குப் பயந்து பயந்தே என்னை விட்டுட்டீங்க."

அவர் மறுபடி திராட்சையை அடுக்க ஆரம்பித்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வெக்காதீங்க. எனக்கு சர்ச் இருக்கு."

மகள் சேரில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடிக்கொண்டாள். நான் மூச்சு விட்டேன். ஆனால் என் மனைவி இருக்கிறாளே, அந்த நிமிஷத்தில்கூட, "ஞாயித்துக்கிழமன்னாதான்க்கா எல்லாருக்கும் லீவு" என்று ஆரம்பித்தாள். அவள் காலை மிதித்தேன். அவள் திரும்ப மிதித்தாள்.

பலகை டேபிளுக்குப் போனது. மரமாக இல்லை. நல்லதெல்லாம் நடுவில் ஒரு வட்டமாக இருந்தது. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடிப்பதற்குள் மழைக் காற்றில் முறுக்கு நமத்துவிட்டது. அதைத் தின்ற ஒரே ஆள் நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டு அம்மாக்களும் போனில் பேச ஆரம்பித்தார்கள். முன்பு பேசவில்லையே என்று வருத்தமாக இருந்தது. இப்போது நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். சனிக்கிழமை ஆகாது என்றாள் இவள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றார் அவர். ஒன்றரை வாரம் இழுத்த பிறகு, குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது என்று நான்தான் காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். சொன்னது நான் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை.

வளைகாப்பு நாளைக்கு. சர்ச் முடிந்ததும் அந்த அம்மா இன்றைக்கே மகளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வரும்போதே படிக்கட்டு வழுக்குகிறது, பிள்ளைத்தாய்ச்சி ஏறுகிற இடம், சாக்கு போடுங்கள் என்று என்னை விரட்டினார். போட்டேன். அவர் வாங்கி வந்த கண்ணாடி வளையல் மகள் கைக்கு இறுக்கமா, தளர்வா என்று உள்ளே அரை மணி நேரமாக இரண்டு பேரும் வாதாடுகிறார்கள். மகள் நடுவே உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் கேட்கிறது. என்னை வந்து பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். யார் பக்கம் சொன்னாலும் எனக்குத்தான் திட்டு விழும். எழுதுகிறேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறேன்.

தை மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.